லோட் டெஸ்ட்ல யூசரை ஃபிக்ஸ் பண்ணணுமா, ரேட்டையா?

சர்வர் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும்னு பாக்கற லோட் டெஸ்ட்டை, ஜேமீட்டர்ங்கற டூல்ல 500 யூசர் வச்சு ஓட்டினா போதுமான்னு கேட்டிருக்கீங்க. பப்ளிக் வெப்சைட்டுன்னா போதாதுங்க. சர்வர் ஸ்லோ ஆனதும் அந்த 500 பேரும் பதில் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிப்பாங்க, அடுத்த ரிக்வெஸ்ட் போகாது, லோடு தானா குறைஞ்சு ரிப்போர்ட் நல்லா இருக்கற மாதிரி தெரியும். எக்ஸாம் ரிசல்ட் வர்ற அன்னைக்கு ஜனங்க புதுசு புதுசா வந்துக்கிட்டேதான இருப்பாங்க? அதனால செகண்டுக்கு இத்தனை ரிக்வெஸ்ட்னு ரேட்டை ஃபிக்ஸ் பண்ணுங்க, கே6ங்கற இன்னொரு லோட் டெஸ்ட் டூல்ல அதுக்குன்னே கான்ஸ்டன்ட் அரைவல் ரேட்னு ஒரு செட்டிங் இருக்கு. செகண்டுக்கு 100 ரிக்வெஸ்ட், ஒவ்வொண்ணும் 0.2 செகண்டுன்னா ஒரே நேரத்துல உள்ள இருக்கறது 20 தான், டேட்டாபேஸ் திணறி 2 செகண்ட் ஆச்சுன்னா 200 ஆயிடும், கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸுக்குத் திறந்து வச்சிருக்கற இணைப்புகள்) 50ன்னா அங்கயே க்யூ கட்டிடும். ஆவரேஜை நம்பாதீங்க, 95வது பெர்சென்டைல், அதாவது 100ல 95 ரிக்வெஸ்ட் எத்தனை செகண்டுக்குள்ள முடியுதுன்னு பாருங்க. ஆள் எண்ணிக்கை மாறாத ஆபீஸ் ஆப்னா உங்க 500 யூசர் முறையே சரி, நடுவுல திங்க் டைம் (ஒரு ரிக்வெஸ்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில ஆள் யோசிக்கற நேரம்) மட்டும் மறக்காம போடுங்க.