கபடியில் தலையில் அடி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தை பிறந்தால் டெல்டாவில் ஊருக்கு ஊர் மின்னொளி கபடி. அதோடு தலைக்காயம் பற்றிய கேள்விகளும் வந்துவிடும். மூளை நரம்பியல் மருத்துவராகவும், போட்டிகளில் முதலுதவிக்கு உட்காருகிறவளாகவும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஒரு தாய்: டாக்டரம்மா, என் பையனுக்கு 15 வயசு. போன வாரம் ஆட்டத்தில் எதிரணிப் பையனின் முழங்கால் இவன் தலையில் இடித்துவிட்டது. கொஞ்ச நேரம் திருதிருவென்று முழித்தானாம். முகத்தில் தண்ணீர் தெளித்துத் திரும்ப இறக்கிவிட்டார்கள். மறுநாளிலிருந்து தலைவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். பயப்பட வேண்டாம்தானே?

ரத்தக்கசிவு இல்லை என்பது நல்ல சேதிதான் அம்மா. ஆனால் உங்கள் பையனுக்கு வந்திருப்பது பெரும்பாலும் கன்கஷன், அதாவது மூளை அதிர்வு. அது சாதாரண ஸ்கேனில் தெரியாது. மூளை செல்களின் வேலைதான் சில நாட்களுக்குத் தடுமாறும். படத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். மயக்கம் போட்டு விழுந்தால்தான் கன்கஷன் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. திருதிருவென்று முழித்தான் என்றீர்களே, அதுவே போதுமான அடையாளம்.

தண்ணீர் தெளித்துத் திரும்ப இறக்கியதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் இளம் வயதுக்காரர்களுக்கு மூளை திடீரென வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனால் நடக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ல் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன், தலையில் அடிபட்ட பிறகும் அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கப்பட்டான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு. பிழைத்தான், ஆனால் மறுபடி நடக்கவும் பேசவும் பல வருடம் போராட வேண்டியிருந்தது. 2009-ல் அவன் பெயரிலேயே அங்கே சட்டம் வந்தது: கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே பையன் வெளியே வர வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறங்கக் கூடாது. பிறகு மற்ற மாநிலங்களும் இதேபோல் சட்டம் போட்டன.

உங்கள் பையனை இருட்டு அறையில் படுக்கப் போட வேண்டாம், அந்தக் காலம் போய்விட்டது. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, செல்போனைக் குறைப்பது, வீட்டைச் சுற்றி மெதுவாக நடப்பது போதும். அந்த நாட்கள் உங்களுக்குத் தாண்டிவிட்டன. இனி முதலில் பள்ளிக்கூடம், அப்புறம்தான் களம். லேசான ஓட்டம், தனிப் பயிற்சி, பிடி இல்லாத குழுப் பயிற்சி என்று படிப்படியாகப் போகட்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி கூடினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். பிடி, மோதல் எல்லாம் கடைசியில், அதுவும் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு. இந்த வயதில் முழுதாகச் சரியாக நான்கு வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. தலைவலி இன்னும் நிற்கவில்லை என்றால் நேரில் காட்டிவிடுங்கள்.

பாபநாசம், கல்லூரி மாணவர்: நான் லெஃப்ட் கார்னர், இடது ஓரத்தில் நின்று பிடிக்கிறவன். காலைப் பிடிக்கப் போகும்போது, பாடி வரும் ரைடரின் முழங்கால் அடிக்கடி தலையில் படும். பெரிதாக ஒன்றும் ஆனதில்லை. பிற்காலத்தில் ஞாபக மறதி வரும் என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். உண்மையா?

கிண்டலுக்குள் கொஞ்சம் விஷயம் இருக்கிறது தம்பி. குத்துச்சண்டைக்காரர்கள் சிலர் நடை தள்ளாடி, பேச்சுக் குழறிப் போவதை 1928-லேயே ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். 2002-ல் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி, மோதி ஆடும் ஆட்டம்) வீரர் மைக் வெப்ஸ்டர் இறந்தபோது, பிரேதப் பரிசோதனை செய்த பென்னட் ஒமாலு அவர் மூளையில் டௌ என்ற புரதம் அசாதாரணமாகப் படிந்திருப்பதைக் கண்டார். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவதோடு தொடர்புடைய இந்த மூளைச் சிதைவு நோயைச் சுருக்கமாக சி.டி.இ. என்கிறார்கள். இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்துத்தான் இன்றும் இதை உறுதி செய்ய முடியும்.

2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு பரிசோதித்த 111 தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைகளில் 110-ல் இது இருந்தது. எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். ஏற்கெனவே தொந்தரவு இருந்தவர்களின் குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் கொடுத்தார்கள். அதனால் விளையாடுகிற எல்லாருக்கும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 30 வயதுக்குள் இறந்த 152 விளையாட்டு வீரர்களின் மூளைகளில் 63-ல் இது இருந்ததாக 2023-ல் வந்த ஆய்வுக்கும் அதே எச்சரிக்கைதான். ஆனாலும் அந்த வயதில் என்பது யோசிக்க வைக்கிறது.

உனக்கு முக்கியமானது இது: எத்தனை முறை கன்கஷன் வந்தது என்பதைவிட, வருடக்கணக்கில் தலை வாங்கிய மொத்த அடிதான் இந்த நோயோடு அதிகம் ஒத்துப்போகிறது. அறிகுறியே காட்டாத சின்ன இடிகளும் அதில் சேரும். அந்த இடிகளில் பெரும் பங்கு பயிற்சியில்தான் விழுகிறது. தினமும் முழு வேகத்தில் பிடித்துப் பழகுவதை வாரத்தில் ஓரிரு நாளாகக் குறையுங்கள். காலைப் பிடிக்கும்போது தலை முழங்காலுக்கு நேர் எதிரே போகாமல் வெளிப்பக்கம் ஒதுங்கி இருக்கிறதா என்று பயிற்சியாளரை வீடியோ எடுத்துப் பார்க்கச் சொல்லு. தலையைக் குனிந்துகொண்டு பாய்கிறவன் எதையும் பார்க்காமல் பாய்கிறான். விளையாட்டை விடச் சொல்லவில்லை. கபடியில் ஒவ்வொரு ரைடிலும் தலை மோதுவதில்லை, அமெரிக்கக் கால்பந்தின் கணக்கை அப்படியே நம் தலையில் கட்ட வேண்டியதில்லை.

அதே மாணவர்: ஹெல்மெட் மாதிரி ஏதாவது போட்டுக்கொண்டால்?

தோல் கிழிவதைத் தடுக்கும். கன்கஷனை நம்பகமாகத் தடுக்காது. தண்ணீர்க் குடத்தைச் சாக்குப் போட்டுச் சுற்றினாலும் சட்டென்று நிறுத்தினால் உள்ளே தண்ணீர் அலம்பத்தான் செய்யும். ஆனால் போட்டி முடிந்து பைக்கில் வீடு திரும்பும்போது ஹெல்மெட்டைக் கட்டாயம் போடு. எங்கள் வார்டுக்கு வரும் தலைக்காயங்களில் கபடியைவிட பைக்தான் பல மடங்கு.

தஞ்சாவூர், தந்தை: மகளுக்குப் பத்து வயசு. கால்பந்து கோச்சிங் போகிறாள். தலையால் பந்து முட்டப் பழக்குகிறார்கள். விடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அமெரிக்காவில் காலால் ஆடும் நம் கால்பந்துக்கான சம்மேளனம் 2015-லேயே பத்து வயது வரை தலையால் முட்டுவதை நிறுத்தியது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 2020-ல் ஆரம்பப் பள்ளி வயதுப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் கிளாஸ்கோ ஆய்வில், முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று தெரிந்திருந்தது. பின்னால் ஆட்ட இடவாரியாகப் பார்த்தபோது தடுப்பாட்டக்காரர்களுக்கு ஆபத்து அதிகம், கோல்கீப்பருக்குக் குறிப்பிடும்படி இல்லை. யார் பந்தை அதிகம் முட்டுகிறார்கள் என்று யோசித்தால் புரியும். காலால் ஆடக் கற்றுக்கொள்ளவே பத்து வயதில் எவ்வளவோ இருக்கிறது, கோச்சிடம் தயங்காமல் பேசுங்கள்.

திருவையாறு: அப்பாவுக்கு 67. இளமையில் சடுகுடு ஆடியவர். இப்போது மறதி. அந்த அடிகளாலா?

அப்படி முடிவு கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு எல்லாம் மறதியைத் தரும். அவற்றுக்கு மருந்து இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், காது கேட்கிறதா என்பதையும் பாருங்கள். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் சொன்ன, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணங்களில் தலைக்காயம் ஒன்றுதான்.

ஒரத்தநாடு, விழாக் கமிட்டி: நாங்கள் போட்டி நடத்துகிறோம். கையில் டாக்டர் இல்லை. என்ன செய்வது?

தலையில் அடிபட்டவனிடம் இது எந்தப் பாதி, கடைசிப் பாயிண்ட் யார் எடுத்தது, முந்தின ஆட்டம் யாரோடு என்று கேளுங்கள். தடுமாறினாலோ, தலை சுற்றுகிறது, மங்கலாகத் தெரிகிறது என்றாலோ அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. சரியாகப் பதில் சொன்னாலும் ஆள் ஒரு மாதிரி இருந்தால் அதே முடிவுதான். மாற்று ஆட்கள் வெளியே உட்கார்ந்துதானே இருக்கிறார்கள். இந்த விதியை ஆட்டம் தொடங்கும் முன்பே மைக்கில் அறிவித்துவிடுங்கள். அரை இறுதியில் போய்ச் சொன்னால் சண்டைதான் வரும்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம், கழுத்து வலி, எழுப்பினால் எழாத தூக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் 108. கழுத்து வலி என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை தூக்கிப் போட்டு இழுக்காதீர்கள். சிலர் அடிபட்டதும் எழுந்து நன்றாகப் பேசுவார்கள், ஓரிரு மணி நேரம் கழித்து மண்டைக்குள் ரத்தம் கட்டிச் சரிவார்கள். அதனால் அடிபட்டவனைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது, வண்டி ஓட்டவும் விடக் கூடாது. அன்றிரவு கூட ஒருவர் இருக்கட்டும், தூங்கலாம், மது கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின், புரூஃபன் வகைகள் வேண்டாம்.

எடைப் பிரிவை ஏமாற்றி 55 கிலோவில் பெரிய ஆளை இறக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். தராசை ஊர்ப் பெரியவர் முன்னால் வைத்தால் போதும்.