மிச்சமிருக்கும் 12 பவுனையும் டிரேடிங்குக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் தக்கலை பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். சம்பளம் 14,000 ரூபாய். என் வீட்டுக்காரர் சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். ஊருக்கு வந்து 2 வருஷம் ஆகிறது. திரும்பப் போக மனமில்லை என்று சொல்லி, டெலிகிராம் குரூப் ஒன்றைப் பார்த்து ஷேர் டிரேடிங் ஆரம்பித்தார். முதல் மாதம் 40,000 ரூபாய் லாபம் வந்தது. பிறகு ஆப்ஷன் என்று போனார். கையிலிருந்த 8 லட்சம் போய், என் நகையில் 10 பவுனைத் தனியார் பைனான்ஸில் பணயம் வைத்து எடுத்த 4 லட்சமும் போய், இப்போது அக்கவுண்டில் 80,000 ரூபாய்தான் இருக்கிறது. பைனான்ஸில் 18 சதவீத வட்டி. மீதமுள்ள 12 பவுனையும் கொடு, 5 லட்சம் கிடைக்கும், 3 மாதத்தில் விட்டதை எல்லாம் பிடித்துவிடுவேன் என்கிறார். குரூப் நடத்துகிறவர் அக்கவுண்டைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், லாபத்தில் பாதி போதும் என்றும் சொல்கிறாராம். இல்லையென்றால் குலசேகரத்தில் மாமனார் பேரில் இருக்கும் 40 சென்ட் ரப்பர் தோட்டத்தை வைத்துக் கடன் வாங்கப் போவதாகச் சொல்கிறார். செவ்வாய், வியாழன் வந்தாலே வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. ராத்திரி அவர் தூங்குவதும் இல்லை. நகையைக் கொடுக்கலாமா?

(பெயர் வேண்டாம், தக்கலை)

பதில்:

கொடுக்காதீர்கள், சகோதரி. ஒரு பவுன்கூட. தோட்டத்துப் பத்திரமும் மாமனார் கையைவிட்டு வெளியே போகக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் வீட்டில் மறுபடியும் பேச்சு எழலாம். இனி எழுதுவதை முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். உங்கள் வீட்டுக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. 8 லட்சம் ரூபாயை வளைகுடா வெயிலில் வியர்வை சிந்திச் சேர்த்த மனிதர் அவர். அந்தப் பணம் எப்படிப் போனது என்று அவருக்கே இன்னும் சரியாகப் புரிந்திருக்காது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செவ்வாயும் வியாழனும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆப்ஷன் என்பது, ஒரு பங்கையோ சந்தைக் குறியீட்டையோ குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட விலைக்கு வாங்கவோ விற்கவோ பணம் கொடுத்துப் பெறும் உரிமை. பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியின் வார ஆப்ஷன் செவ்வாய்க்கிழமை முடிகிறது, இன்னொரு குறியீடான சென்செக்ஸின் ஆப்ஷன் வியாழக்கிழமை. அப்படி முடியும் எக்ஸ்பைரி நாளில் ஆப்ஷன் விலை மலிவாகக் கிடைக்கும். "ஜீரோ டு ஹீரோ" என்று டெலிகிராம் குரூப்களில் கூவிக் கூவி வாங்கச் சொல்வது இந்த நாட்களில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிஃப்டி காலையில் 25,000-ல் இருக்கிறது. ஏறும் என்று உங்கள் வீட்டுக்காரருக்குத் தோன்றுகிறது. நிஃப்டி 25,100-ஐத் தாண்டினால் பலன் தரும் 25,100 கால் ஆப்ஷனை 40 ரூபாய்க்கு வாங்குகிறார். ஒரு லாட் (மொத்தமாகச் சேர்த்து வாங்க வேண்டிய எண்ணிக்கை) 65 என்று வைத்துக்கொண்டால் 2,600 ரூபாய். 20 லாட் வாங்கினால் 52,000 ரூபாய். சாயங்காலம் மூன்றரை மணிக்கு நிஃப்டி 25,080-ல் முடிகிறது. அவர் நினைத்தபடியே சந்தை 80 புள்ளி ஏறியிருக்கிறது. ஆனால் 25,100-ஐத் தொடாததால் அந்த ஆப்ஷனின் மதிப்பு பூஜ்ஜியம். 52,000 ரூபாயும் போய்விட்டது. கடைசிவரை வைத்திருந்தால், போட்ட முதல் திரும்பக் கிடைக்கவே நிஃப்டி 25,140-க்குப் போயிருக்க வேண்டும்.

திசையைச் சரியாகச் சொன்னாலும் பணம் போகும் என்பதுதான் இங்கே முக்கியம். ஏறுமா இறங்குமா என்பது மட்டும் தெரிந்தால் பற்றாது. எவ்வளவு ஏறும், எத்தனை மணிக்குள் ஏறும் என்பதும் தெரிய வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் ஆப்ஷனின் விலையான பிரீமியத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். "நான் நினைச்ச மாதிரிதானே மார்க்கெட் போச்சு, பிறகு எப்படி நஷ்டம்?" என்று அவர் உங்களிடம் கேட்டிருந்தால், அவர் பொய் சொல்லவில்லை. சரி, ஆப்ஷனை வாங்குவதற்குப் பதில் விற்கலாமே என்று யாராவது அவருக்கு யோசனை சொன்னால் அது இதைவிட ஆபத்து. வாங்குகிறவருக்குப் பிரீமியத்தோடு நஷ்டம் நிற்கும். விற்கிறவருக்கு அந்த எல்லைகூடக் கிடையாது.

அடுத்தது தரகுக் கட்டணம். இதை யாரும் கவனிப்பதில்லை. பல ஆப்களில் ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய். கேட்க ஒன்றுமே இல்லாத தொகை. ஒரு நாளில் 10 முறை வாங்கி விற்றால் 20 ஆர்டர், 400 ரூபாய். மாதத்தில் 20 நாள் என்றால் 8,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 9,440. அதன் மேல் பங்குப் பரிவர்த்தனை வரியும் எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் முத்திரைக் கட்டணமும் தனி. நீங்கள் மாதம் முழுக்க வகுப்பில் நின்று வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, லாபமோ நஷ்டமோ, தரகுக்கே போய்விடுகிறது. பல ஆப்களின் திரையில் பச்சையாகத் தெரியும் லாபத்தில் இதெல்லாம் கழிந்திருக்காது. மெயிலில் தினமும் வரும் அன்றைய கணக்குச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து கடைசி வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். லாபம் என்று நினைத்த எத்தனையோ நாட்கள் நஷ்டத்தில் முடிந்திருப்பது அப்போது தெரியும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை இது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2021-22 முதல் 2023-24 வரையான 3 நிதியாண்டுகளின் கணக்கை எடுத்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது. ஃப்யூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்), ஆப்ஷனில் இறங்கிய 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். செலவையும் சேர்த்தால் ஆளுக்குச் சராசரியாக சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்தமாக 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். 2024-25-க்கும் செபி கணக்கெடுத்தது. அந்த ஒரே ஆண்டில் தனிநபர்களின் நிகர நஷ்டம் 1 லட்சம் கோடியைத் தாண்டியது. நஷ்டப்பட்டவர்கள் 91 சதவீதம். ஆப்ஷன் வேண்டாம், ஷேரை அன்றன்றைக்கே வாங்கி விற்கிறேன் என்பவர்களிலும் 2022-23-ல் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம்தான்.

அந்தப் பணம் எங்கே போனது? 2023-24-ல் மட்டும், செலவைக் கழிக்கும் முன், சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் பெரிய தரகு நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் பார்த்தன. அந்த லாபத்தில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் புரோகிராம்கள் தாமாகவே ஆர்டர் போட்டுச் சம்பாதித்தது. உங்கள் வீட்டு வராந்தாவில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே இருப்பது இவர்கள்தான். இவருக்கு அறிவு குறைவு என்று நான் சொல்லமாட்டேன். நல்ல மெக்கானிக்குக்கு நிதானமும் கணக்கும் நிறையவே இருக்கும். ஆனால் ஒருவர் பெறும் லாபம் இன்னொருவரின் நஷ்டமாகவே இருக்கிற ஓர் இடத்தில், விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஆர்டர் போடுகிற இயந்திரத்தோடு போனில் விரல் வைத்துப் போட்டி போட முடியாது.

முதல் மாதம் வந்த 40,000 ரூபாய்தான் உங்கள் குடும்பத்துக்கு அதிகச் சேதம் செய்தது என்று நினைக்கிறேன். அந்த மாதம் நஷ்டம் வந்திருந்தால் சவூதிப் பணம் பிழைத்திருக்கும்.

இப்போது "விட்டதைப் பிடிப்பேன்" என்ற பேச்சுக்கு வருகிறேன். போனது 11 லட்சத்து 20 ஆயிரம். கையில் 80,000. நீங்கள் நகையைக் கொடுத்து 5 லட்சம் சேர்ந்தால் 5 லட்சத்து 80 ஆயிரம். அதைக் கொண்டு 11 லட்சத்து 20 ஆயிரம் சம்பாதிக்க வேண்டுமென்றால், 3 மாதத்தில் பணம் ஏறக்குறைய மூன்று மடங்காக வேண்டும். நிதானமாக வியாபாரம் செய்து யாரும் அதை எட்ட முடியாது. லாட்டை ஏற்ற வேண்டிவரும், நஷ்டம் ஓர் அளவை எட்டியதும் தானாக விற்றுவிடும் ஸ்டாப்லாஸை எடுத்துவிட வேண்டிவரும், இறங்க இறங்க மேலும் வாங்கி ஆவரேஜ் பண்ண வேண்டிவரும். 8 லட்சத்தைக் கரைத்த அதே பழக்கங்கள், இன்னும் வேகமாக. மறுபக்கம் 9 லட்சத்துக்கு 18 சதவீத வட்டி என்றால் மாதம் 13,500 ரூபாய். உங்கள் சம்பளத்தில் 500 ரூபாய்தான் மிஞ்சும். செபி சொன்ன இன்னொரு விஷயமும் இங்கே பொருந்தும்: தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் டிரேடிங்கை நிறுத்தவே இல்லை.

டெலிகிராம்காரரைப் பற்றி ஒரே வார்த்தை: விலகுங்கள். செபியில் பதிவு பெற்ற ஆலோசகருக்கு ஐஎன்ஏ என்றும், ஆய்வாளருக்கு ஐஎன்ஹெச் என்றும் தொடங்கும் எண் இருக்கும். செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். லாபத்தில் பங்கு கேட்பதும் உங்கள் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு அக்கவுண்டை நடத்துவதும் இவர்களுக்கு அனுமதிக்கப்பட்டதல்ல. நன்றாக யோசித்துப் பாருங்கள்: லாபத்தில் பாதி அவருக்கு, நஷ்டம் முழுக்க உங்களுக்கு. பாஸ்வேர்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். அவர் சொல்லி வேறு ஏதாவது ஆப்பிலோ தனியார் அக்கவுண்டிலோ பணம் போட்டிருந்தால் அது டிரேடிங் நஷ்டமாக இருக்காது, மோசடியாக இருக்கலாம். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் அந்த 80,000 ரூபாயை வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு, ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் பிரிவையே முடக்கச் சொல்லித் தரகு நிறுவனத்துக்கு எழுதலாம். பல ஆப்களில் நாமே முடக்கிவிடும் வசதியும் உண்டு. மனக்கட்டுப்பாட்டை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

80,000 ரூபாயைப் பைனான்ஸில் கட்டினால் கடன் 3 லட்சத்து 20 ஆயிரமாகக் குறையும். கட்டும் தொகைக்கு ஏற்ப ஒன்றிரண்டு நகையைத் திருப்ப முடியுமா என்று கேளுங்கள். மீதியை அங்கேயே விடாதீர்கள். உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலோ ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ நகைக்கடன் வட்டியை விசாரியுங்கள். 10 சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தால் மாத வட்டி சுமார் 2,700 ரூபாய். இப்போது 4 லட்சத்துக்கு 6,000 ரூபாய் போகிறது. பைனான்ஸில் திருப்பி அதே நாளில் வங்கியில் வைக்க, கையில் இருக்கும் 12 பவுனில் கொஞ்சத்தைச் சில நாட்களுக்கு வங்கியில் வைத்துப் பணம் எடுக்கலாம். உங்கள் நகை இதற்கு மட்டும் வெளியே வரலாம். வட்டி கட்டும் தேதியைத் தவறவிடாதீர்கள். நம் ஊரில் எத்தனையோ நகை ஏலத்துக்குப் போனது வட்டி பாக்கியால்தான்.

திருமணத்தில் உங்களுக்கு வந்த நகை உங்களுடையது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2024-ல் ஒரு வழக்கில் இதை மீண்டும் உறுதி செய்தது. "குடும்பத்துக்காகத்தானே கேட்கிறார்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். குடும்பத்துக்காகத்தான் நீங்களும் மறுக்கிறீர்கள்.

போன பணத்தை மீட்கும் வழி அவர் கைத்தொழிலில் இருக்கிறது. கன்னியாகுமரியில் வரிசையாக லாட்ஜுகள், நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிகள், மார்த்தாண்டத்தில் கடைகள். ஏசி சர்வீஸ் தெரிந்த ஆளுக்கு இங்கே வேலை உண்டு. அவர் சர்வீஸ் தொழில் தொடங்கினால் வரியில் ஒரு சின்ன அனுகூலமும் இருக்கிறது. ஆப்ஷன் நஷ்டம் தொழில் நஷ்டமாகவே கணக்கிடப்படும். கெடு தேதிக்குள் ஐடிஆர்-3 என்ற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்து காட்டினால், அந்த நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை தொழில் வருமானத்தில் கழிக்கலாம். வருமானம் வரி கட்டும் அளவுக்கு வளர்ந்தால்தான் இது உதவும் என்றாலும், கணக்கைக் காட்டாமல் விட வேண்டாம். நாகர்கோவிலில் ஏதாவது ஒரு ஆடிட்டரிடம் தரகு நிறுவனத்தின் வருடாந்தர லாப நஷ்ட அறிக்கையோடு போங்கள்.

ராத்திரி தூங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பண நஷ்டத்தை வெளியே சொல்ல முடியாமல் மனம் உடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கும் போகலாம். நகை தரமாட்டேன் என்று சொல்லும்போது, கடனை இரண்டு பேரும் சேர்ந்து அடைப்போம் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். மாமனாரிடமும் மறைக்க வேண்டாம். பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது, அவருக்குத் தெரியாமல் எந்தக் கையெழுத்தும் நடக்கக் கூடாது.

சேமிப்பு, எஸ்ஐபி எல்லாம் இந்த 10 பவுனும் வீட்டுக்கு வந்த பிறகு பேசலாம். பைனான்ஸ் ரசீதைப் பார்த்து, எந்த நகைக்கு எத்தனை கிராம் எடை, எந்தத் தேதியில் வைத்தது, தவணை எப்போது முடிகிறது என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். எதை முதலில் திருப்புவது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.