பழங்கால லீவர் ஆக்சன் கைத்துப்பாக்கிகளைச் சேகரிக்க விரும்புபவர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் அமெரிக்காவில் வசிப்பவர், ஏலத்தில், லீவரை அசைத்துத் தோட்டா ஏற்றும் வால்கானிக் என்ற பழைய வகைக் கைத்துப்பாக்கி ஒன்றைக் கண்டு மனம் இழந்தவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். முதலில் கவனிக்க வேண்டியது, அதன் உலோகத்தை யாரேனும் தேய்த்திருக்கிறார்களா என்பதைத்தான். நான் இதை நஷ்டப்பட்டே கற்றேன்.

என்னிடம் இருப்பது நியூ ஹேவன் நகரில் செய்யப்பட்ட, .31 அளவுத் தோட்டாவுக்கான சிறிய வகை. வாங்கியபோது அதன் பித்தளை உடல் கரும்பழுப்பு ஏறி, கைபடும் இடங்களில் மட்டும் சற்றே வெளுத்திருந்தது. அந்த ஆண்டு ஆயுத பூஜையில் அதையும் வைக்க விரும்பினேன். குத்துவிளக்கானாலும் செம்பானாலும் புளியிட்டுத் தேய்க்காமல் பூஜையில் வைக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். களிம்பு என்றால் நீக்க வேண்டிய அழுக்கு என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இருந்ததில்லை. எனவே பிடியின் மரத்துண்டுகளைக் கழற்றிவிட்டு, புளியும் உப்பும் சேர்த்துப் பொன்போல் மின்னும் வரை தேய்த்தேன். மறு ஆண்டு அதை மதிப்பிட வந்தவர், நான் கொடுத்த விலையில் பாதியைச் சற்றே தாண்டிய தொகையைச் சொன்னார். பொருத்தமில்லாத திருப்புளியால் திருகாணிகளின் தலையை நான் சிதைத்திருந்ததையும் சுட்டிக்காட்டினார். பணம் போனதைவிட, நூற்றைம்பது ஆண்டுகளாகப் படிந்த நிறத்தை ஒரே மாலையில் அழித்துவிட்டேனே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. பூஜை வழக்கத்தை நான் குறை கூறுவதாக யாரும் கொள்ள வேண்டாம்; விளக்குக்கு அது சரியான முறையே.

கொலைக்கருவியை ஆராதிப்பவன் என்று என்னைச் சாடுவோரும் இத்தளத்தில் உண்டு. நான் போற்றுவது அதன் பொறியமைப்பை. குழலுக்கு அடியில் உள்ள நீண்ட குழாயில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும். விரல் வளையமுள்ள லீவரை முன்னே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா மேலெழுந்து குழலுக்குள் நுழையும். தோட்டாவுக்குத் தனிக்கூடு கிடையாது. ஈயக்குண்டின் குழிந்த அடிப்பாகத்திலேயே வெடிமருந்து அடங்கியிருந்தது. மருந்துக்கு இடம் குறைவு என்பதால் வேகம் போதவில்லை; கூடு இல்லாததால் பின்பக்கம் வாயு கசிந்தது. இவ்விரு குறைகளாலேயே இவை நிலைக்கவில்லை, அதனாலேயே இன்று அரிதாகவும் இருக்கின்றன. ஹோரஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் முதலில் இரும்புச் சட்டகத்தில் செய்தனர். 1855இல் தோன்றிய வால்கானிக் நிறுவனம் பித்தளைக்கு மாறியது. அது நொடித்த பின் 1857இல் ஆலிவர் வின்செஸ்டர் அதை நியூ ஹேவன் ஆர்ம்ஸ் நிறுவனமாக நடத்தினார்.

இங்கே ஓர் ஆதங்கத்தைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. எந்த லீவர் துப்பாக்கியைக் கண்டாலும் வின்செஸ்டரின் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். அவர் சட்டை வணிகத்திலிருந்து வந்த முதலீட்டாளர். குழிக்குண்டுக்கு 1848இலும், அதைச் சுடும் தொடர் துப்பாக்கிக்கு 1849இலும் காப்புரிமை பெற்றவர் வால்டர் ஹன்ட். ஊக்கைக் கண்டுபிடித்தவரும் அவரே. உலோகக் கூடுள்ள தோட்டாவைக் கொண்டு அந்தப் பொறியமைப்பை 1860இல் பயனுள்ளதாக்கியவர் பெஞ்சமின் டைலர் ஹென்றி. இவ்விருவரின் உழைப்பும் இன்னொருவர் பெயரில் கரைந்துபோவது எனக்கு ஆறாத வருத்தம்.

அமெரிக்க மத்தியச் சட்டம் 1898 வரை செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகவே கருதுகிறது. ஆனால் மாநிலங்களின் விதி வேறுபடும் என்பதால் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். இந்தியாவுக்குக் கொண்டுசெல்லும் எண்ணமிருந்தால் முதலில் அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள்.

வாங்குவதற்கு முன் குழலின் மேல் பொறித்துள்ள 1854 பிப்ரவரி 14 என்ற காப்புரிமைத் தேதியை உருப்பெருக்கியால் பாருங்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் யாரோ தேய்த்து, குழலுக்குக் கருநீல மேற்பூச்சு தரும் நீலமேற்றலை மறுபடி செய்திருக்கலாம். பிடிமரத்தின் அடியில் மறைந்திருக்கும் பித்தளையும் வெளியே தெரியும் பித்தளையும் ஒரே பளபளப்பில் இருந்தால் என்னைப் போன்ற ஒருவர் உங்களுக்கு முன் அதை வைத்திருந்தார் என்று அறிந்துகொள்ளுங்கள். திருகாணித் தலைகளின் படங்களை விற்பவரிடம் கேட்டு வாங்கிக் கருத்துப் பகுதியில் இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.