வியட்நாம் சாப்பாட்டுப் பயணம்: எந்த ஊரில், எந்த வேளையில், என்ன விலைக்கு?

கேள்வி: நானும் மனைவியும் மார்ச் மாதம் 10 நாள் வியட்நாம் போகிறோம். சுற்றிப் பார்ப்பதைவிட ஊர் ஊராகச் சாப்பிட்டுப் பார்ப்பதுதான் நோக்கம். டூர் கம்பெனி தந்த திட்டத்தில் ஹனோய், ஹாலோங் விரிகுடாவில் ஒரு இரவுக் கப்பல், டா நாங், ஹோ சி மின் நகரம் எல்லாம் வருகின்றன. தினமும் ஓட்டலில் காலை உணவு, இரவு இந்திய உணவு. வாங்கலாமா?

பதில்: உங்கள் நோக்கத்துக்கு இது உதவாது. காலையும் இரவும் கட்டணத்திலேயே அடங்கிவிட்டால் ஊர்ச் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது மதியம் மட்டும்தான். அதிலும் கப்பலில் போகும் இரண்டு நாளில் மூன்று நான்கு வேளை கப்பல் சமையல்தான் கிடைக்கும். ஹாலோங் அழகான இடம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாப்பாட்டுக்காகப் போகிறவர் வெட்டவேண்டிய முதல் இடமும் அதுதான்.

வியட்நாமில் ஒவ்வொரு பண்டத்துக்கும் சொந்த ஊர் உண்டு, சொந்த வேளையும் உண்டு. எலும்புச் சாற்றில் வரும் அரிசி நூடுல்ஸ் சூப்பான ஃபோ அடிப்படையில் காலை உணவு. ஹனோயில் பேர்போன பல ஃபோ கடைகள் விடிகாலையில் திறந்து, சாறு தீர்ந்ததும் பத்து, பதினொரு மணிக்குள் மூடிவிடும். ஓட்டல் பஃபேயில் வயிற்றை நிரப்பிக்கொண்டு ஒன்பதரைக்கு வெளியே வந்தால் அந்த நாளின் முக்கியமான கிண்ணம் போய்விட்டது. ஆகவே அறை எடுக்கும்போதே 'காலை உணவு இல்லாமல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அறை வாடகையும் கொஞ்சம் குறையும்.

10 நாளில் கிடைக்கும் 9 இரவுகளை இப்படிப் பிரிக்கலாம்: ஹனோய் 3, ஹுவே 2, ஹோய் ஆன் 2, சைகோன் 2. (ஹோ சி மின் நகரத்தை ஊர்க்காரர்கள் இன்னும் சைகோன் என்றே சொல்கிறார்கள்.) விமான டிக்கெட்டை ஹனோயில் இறங்கி சைகோனில் ஏறும்படி எடுங்கள். முன்பதிவுத் தளங்களில் 'மல்டி சிட்டி' என்ற பிரிவில் இது வரும். போக வர ஒரே ஊர் என்று எடுத்தால், திரும்பி வர ஒரு உள்நாட்டு விமானச் செலவும் அரை நாளும் வீண்.

ஹனோயில் காலை ஃபோ, மதியம் பூன் சா. பூன் சா கடைகளில் பத்தரை வாக்கில் கரி அடுப்பு புகையத் தொடங்கும், இரண்டு மணிக்கெல்லாம் பெரும்பாலும் முடிந்துவிடும். சாப்பிடும் முறையும் தெரிந்திருக்கவேண்டும். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான மீன் சாஸ் கரைசல் வரும். புளிப்பும் இனிப்புமான அந்தக் கரைசலில் சுட்ட பன்றி இறைச்சி வில்லைகளும் பச்சைப் பப்பாளிச் சீவல்களும் மிதக்கும். நம் சேவை போன்ற பூன் தனித் தட்டில், கீரைகள் இன்னொரு தட்டில். கரைசலைச் சேவை மேல் கொட்டிப் பிசைந்தால் எல்லாம் உப்பாகிவிடும். ஒரு வாய்க்குத் தேவையான சேவையை எடுத்துக் கிண்ணத்தில் தோய்த்து, இரண்டு இலையோடு சாப்பிடவேண்டும். மஞ்சளும் சோயிக்கீரையும் (டில்) சேர்த்து மேசையிலேயே பொரித்துத் தரும் சா கா மீனை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹுவே பழைய அரச நகரம். காரம் பிடித்தவர்களுக்கு இதுதான் ஊர். எலுமிச்சைப்புல்லும் இறால் விழுதும் போட்ட பூன் போ ஹுவே என்னும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப் காலையில். சிறு கிண்ணங்களில் ஆவியில் வெந்த பான் பெயோ என்னும் அரிசிமாவுப் பண்டம் மாலையில். ஆற்றுச் சிப்பிச் சோறான கோம் ஹென்னையும் விடாதீர்கள். மலிவானது, வேறு ஊர்களில் இந்தச் சுவையில் கிடைப்பது அரிது. ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு இரண்டரை மூன்று மணி நேர ரயில், ஹாய் வான் கணவாய் வழியாக. தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம், இருக்கையை அதற்கேற்பக் கேளுங்கள். ஹோய் ஆனுக்கு ரயிலும் இல்லை, விமான நிலையமும் இல்லை. டா நாங்கிலிருந்து 30 கி.மீ. கார்தான். அங்கே காவ் லாவ் சாப்பிடாமல் வராதீர்கள். மரச்சாம்பல் நீரில் அரிசியை ஊறவைத்துச் செய்யும் தடித்த நூடுல்ஸ் அது. கடிக்கும்போது அந்த இறுக்கம் தெரியும்.

டா நாங்கிலிருந்து சைகோனுக்கு ஒன்றரை மணி நேர விமானம். தெற்கே போகப் போகச் சமையலில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கூடும். குருணை அரிசிச் சோறான கோம் தாம் காலையிலேயே சூடாகக் கிடைக்கும். தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்ட கோழிக் குழம்புக்கு 'கா ரி கா' என்று பெயர். நம் 'கறி' அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

மேலும் இரண்டு நாள் கிடைத்தால் மட்டும் மேகாங் படுகையில் உள்ள கான் தோவைச் சேருங்கள். சைகோனிலிருந்து பேருந்தில் நான்கு மணி நேரம் ஆகும். காய் ராங் மிதக்கும் சந்தைக்கு ஐந்து, ஐந்தரைக்கே படகேறவேண்டும். எட்டு மணிக்குமேல் பார்க்க அதிகம் இருக்காது. என்ன விற்கிறார்களோ அதில் ஒன்றை மூங்கில் கழியில் கட்டிப் படகின்மேல் உயர்த்தியிருப்பார்கள். பலகை, பெயர் எதுவும் கிடையாது. சைகோனிலிருந்து 'ஒரே நாளில் மிதக்கும் சந்தை' என்று விற்கும் பயணங்கள் அங்கே போய்ச் சேரும்போது வியாபாரம் முடிந்திருக்கும். அதை வாங்கவே வேண்டாம்.

மார்ச் நல்ல தேர்வு. அக்டோபர், நவம்பரில் ஹுவேயும் ஹோய் ஆனும் வெள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். டெட் புத்தாண்டை ஒட்டிய வாரத்தில் சின்னக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். 2027-ல் அது பிப்ரவரி 6.

கேள்வி: அம்மா சுத்த சைவம். வியட்நாமில் எல்லாவற்றிலும் மீன் சாஸ் என்கிறார்கள். அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக. 'காய்கறி மட்டும்' என்று கேட்டால்தான் சிக்கல். காய்கறி வதக்கலில் மீன் சாஸ் ஊற்றுவது அங்கே உப்புப் போடுவது போன்ற வழக்கம், அதை அசைவம் என்று யாரும் நினைப்பதில்லை. சாதாரணக் கடையில் இறைச்சி இல்லாத ஃபோ கேட்டால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே எலும்புச் சாற்றை ஊற்றித் தருவார்கள். இன்னொன்று, ஹாட் நெம் என்னும் சுவைத்தூள். பார்க்க உப்புக் கற்கண்டுபோல் இருக்கும். பல வகைகளில் பன்றி இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கும்.

நீங்கள் தேடவேண்டிய சொல் 'ச்சாய்'. தேநீர் இல்லை, பௌத்த மரபுச் சைவ உணவைக் குறிக்கும் சொல். கடைப் பலகையில் 'குவான் ச்சாய்' அல்லது 'கோம் ச்சாய்' என்று இருந்தால் உள்ளே சமையலே வேறு. மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ்தான். அந்த எழுத்துகளை மொழிபெயர்ப்புச் செயலியில் வியட்நாமிய வடிவத்தில் சேமித்து, பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்து நுழையுங்கள். கண்டிப்பான ச்சாய் சமையலறையில் வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. ஆனால் சில கடைகளில் முட்டை உண்டு, அதைத் தனியாகக் கேட்கவேண்டும். தட்டில் வரும் 'மீன்', 'இறால்' எல்லாம் சோயாவிலும் காளானிலும் செய்தவை. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, அவர்கள் நாட்காட்டியின் 1, 15-ஆம் நாட்களில், ஊரில் பலர் ச்சாய் சாப்பிடுவார்கள். அன்று சாதாரணக் கடைகளிலும் சில இடங்களில் ச்சாய் பண்டம் கிடைக்கும். பௌத்த மடங்கள் நிறைந்த ஹுவேயில் இந்தச் சமையல் தனிக் கலையாக வளர்ந்திருக்கிறது. உங்கள் திட்டத்தில் ஹுவேக்கு ஒரு இரவு கூடுதலாகக் கொடுங்கள்.

வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கடலைக்கு வடக்கில் 'லாக்', தெற்கில் 'தாவ் ஃபோங்'. ஒரு சொல்லை மட்டும் அட்டையில் எழுதிப் போகாதீர்கள், இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: ஹனோயில் மாலை நேர 'உணவு நடை' ஒரு ஆளுக்கு 28 டாலர், 8 சுவைகள் என்கிறார்கள். நியாயமான விலையா?

பதில்: கணக்குப் போடுங்கள். 28 டாலர் என்பது வியட்நாம் நாணயமான டாங்கில் ஏழு லட்சத்தைத் தாண்டும். தெருக்கடையில் ஒரு கிண்ணம் ஃபோ அல்லது பூன் சா 40,000 முதல் 70,000 டாங், ஒரு பான் மீ (வியட்நாமிய சாண்ட்விச்) 20,000 முதல் 40,000. எட்டுச் சுவையும் முழு அளவில் வராது, சிறு அளவுதான். ஆக, உணவின் அடக்கம் இரண்டரை, மூன்று லட்சம். மிச்சம் வழிகாட்டியின் மூன்று மணி நேர உழைப்புக்கும் நிறுவனத்துக்கும். முதல் நாள் மாலைக்கு இது கொடுக்கத் தகுந்த பணம். எப்படி உட்காருவது, எதை எதோடு தொட்டுக்கொள்வது, காசு எப்போது கொடுப்பது என்று ஒரே மாலையில் தெரிந்துகொண்டால் மீதி நாட்களை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்கவேண்டியவை சில. குழுவில் எத்தனை பேர்? எட்டுக்குமேல் போனால் சின்னக் கடைகளில் உட்கார இடம் இருக்காது. பெரிய, பயணிகளுக்கென்றே நடக்கும் கடைக்குத்தான் கூட்டிப்போவார்கள். எட்டுச் சுவையில் காபி, பழம், பீர் எத்தனை? சைவருக்கு மாற்றுப் பண்டமா, அல்லது அந்த நிறுத்தத்தில் சும்மா இருக்கவேண்டியதா? ரத்து செய்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் முழுப் பணம் வரும்?

எல்லா ஊரிலும் இப்படி வாங்காதீர்கள். சைகோனில் இன்னொன்று போதும். ஹோய் ஆனில் அதற்குப் பதில், சந்தைக்குப் போய் வாங்கிவந்து சமைக்கும் வகுப்பு நல்லது. கீரைகளின் பெயர்கள் அங்கேதான் மனத்தில் பதியும்.

கேள்வி: டா நாங்கில் சிங்கி இறால் '150' என்று எழுதியிருந்தது. 1,50,000 டாங் என்று நினைத்தோம். 12 லட்சம் டாங் பில் வந்தது. ஏமாற்றா?

பதில்: பெரும்பாலும் அளவைப் புரிந்துகொள்ளாததுதான். மெனுவில் கடைசி மூன்று பூஜ்யங்களை விட்டு எழுதுவது வழக்கம். நீங்கள் படித்தது சரி. ஆனால் கடல் உணவுக்கு அந்த விலை தட்டுக்கு அல்ல. சில கடைகளில் கிலோவுக்கு, சில கடைகளில் 'லாங்' கணக்கில். ஒரு லாங் 100 கிராம். உங்களுக்கு வந்தது 800 கிராமாக இருக்கும். எட்டு லாங், 12 லட்சம். தொட்டியிலிருந்து எடுத்ததும் உங்கள் கண்முன் எடை போட்டு, மொத்தத் தொகையைக் கால்குலேட்டரில் காட்டச் சொல்லி, பிறகு சமைக்கச் சொல்லுங்கள். விலை இடத்தில் 'அன்றைய விலை' என்று மட்டும் இருந்தால் விலை கேட்காமல் ஆர்டர் சொல்லவே வேண்டாம்.

மேசையில் இருக்கும் உறையிட்ட ஈரத்துண்டுக்கும், தட்டில் வைத்த கடலைக்கும் தனிக் காசு. தொடாவிட்டால் பில்லில் சேராது. காசு கொடுக்கும்போது கவனம்: 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் நீல நிறம்தான். பெரிய நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

கேள்வி: தெருவோர உணவில் எதைத் தவிர்ப்பது?

பதில்: கொதிக்கும் சாறு ஊற்றும் கிண்ணங்களில் பயம் குறைவு. கவனம் தேவைப்படுவது பான் மீயில். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ், ஈரல் விழுது, குளிர்ந்த இறைச்சி மூன்றும் ரொட்டிக்குள் போகின்றன. வெயிலில் மணிக்கணக்கில் வெளியே இருந்தால் கிருமி பெருகிவிடும். 2024 மே மாதத் தொடக்கத்தில் டோங் நாய் மாகாணத்தில் ஒரே கடை பான் மீயால் 500-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். காலை ஏழு எட்டு மணிக்கு, வரிசை நகரும் கடையில் சாப்பிடுங்கள். பிற்பகலில் ஆளில்லாத வண்டியில் வேண்டாம்.

கேள்வி: விசா எடுத்துத் தர ஒரு இணையதளம் 80 டாலர் கேட்கிறது.

பதில்: அது இடைத்தரகர் தளம். வியட்நாம் அரசின் இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர்தான். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். முகவரி வியட்நாம் அரசுத் தளங்களுக்கான 'ஜிஓவி டாட் விஎன்' என்ற எழுத்துகளில் முடிகிறதா என்று பாருங்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், தவறு நேர்வது அங்கேதான். விசா கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிசகினால் புதிதாகத்தான் விண்ணப்பிக்கவேண்டும், கட்டணம் திரும்பாது. ஆகவே மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

கேள்வி: ஊருக்குக் கொண்டுவர மீன் சாஸும் காபியும் எப்படி வாங்குவது?

பதில்: மீன் சாஸ் புட்டியில் 'தோ தாம்' என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நைட்ரஜன் என்பதுதான் அது. 30-க்குமேல் நல்லது, 40 உயர்ரகம். சேர்மானத்தில் நெத்திலியும் உப்பும் மட்டும் இருக்கவேண்டும். சர்க்கரை, நிறம், சுவையூட்டி என்று பட்டியல் நீண்டால் அது நீர்த்த சரக்கு. ஃபூ குவோக் தீவின் சாஸுக்கு 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு அளித்தது.

காபியில் 'புனுகுக் காபி' என்று சந்தையில் மலிவாக விற்பதை நம்பாதீர்கள், பெரும்பாலும் வாசனை சேர்த்த சாதாரணக் கொட்டைதான். வறுத்த தேதி அச்சிட்ட கொட்டையாக வாங்குங்கள், கூடவே ஒரு தகர வடிகட்டி. அந்த வடிகட்டிக்கு 'ஃபின்' என்று பெயர், நம் ஃபில்டரைவிடச் சிறியது.

மீன் சாஸ் கைப்பையில் போகாது. சில விமான நிறுவனங்கள் பெட்டியிலும் தனிக் கட்டுமானம் கேட்கும், முன்பே விசாரியுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டாம், பிளாஸ்டிக்கில் 250 மி.லி. போதும். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா, அதன்மேல் இரண்டு ஜிப் பை, பெட்டியின் நடுவில் துணிக்குள். உடைந்தால் அந்தப் பெட்டியில் மணம் மாதக்கணக்கில் போகாது.