தெல்மா ரிட்டர்: ஆறு முறை ஆஸ்கர் பட்டியலில்

கேள்வி: தெல்மா ரிட்டர் திரைக்கு வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

பதில்: 1902-இல் புரூக்ளினில் பிறந்த அமெரிக்க நடிகையான அவர், நியூயார்க்கில் முறையாக நடிப்புப் பயின்று மேடையேறியவர். திருமணத்துக்குப் பின் பிள்ளைகளை வளர்ப்பதற்காக ஒதுங்கியிருந்து, 1940-களில் வானொலி நாடகங்கள் வழியாகத் திரும்பினார். 1947-இல் ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ படத்தில், மகன் கேட்கும் தீயணைப்பு வண்டிப் பொம்மை எங்கும் கிடைக்காமல் அலுத்துப்போன தாயாக வந்தார். பெயர்ப்பட்டியலில்கூட இடம்பெறாத அந்தச் சிறு வேடம்தான் அவருக்கு ஹாலிவுட்டின் கதவைத் திறந்தது.

கேள்வி: ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டும் ஆஸ்கர் கிடைக்கவில்லையே, ஏன்?

பதில்: 1950 முதல் 1953 வரையிலான படங்களுக்குத் தொடர்ந்து நான்கு முறையும், பின்னர் 1959, 1962 ஆகிய ஆண்டுகளின் படங்களுக்கும் சிறந்த துணை நடிகைக்கான பட்டியலில் அவர் இருந்தார். போட்டி கடுமையாக இருந்தது என்பது உண்மை. ஆனால் ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்தில், புகழ்பெற்ற நடிகையிடம் வந்து ஒட்டிக்கொள்ளும் இளம்பெண் ஈவின் பசப்பை எல்லோருக்கும் முன்பே மோப்பம் பிடிக்கும் பணிப்பெண் பேர்டியாக அவர் வந்தும், படத்தின் பிற்பகுதியில் அந்தப் பாத்திரமே காணாமற்போய்விடுகிறது. திரைக்கதை பாதியில் கைவிட்டுவிடும் பாத்திரத்துக்கு வாக்குகள் சேர்வது எளிதன்று என்பது என் கருத்து.

கேள்வி: கதாநாயகியாக அவர் நடித்ததே இல்லையா?

பதில்: ‘தி மேட்டிங் சீசன்’ (1951) படத்தில், மருமகளுக்குத் தான் யாரென்று தெரியாமலேயே மகன் வீட்டில் சமையல்காரியாக இருக்கும் தாயாக அவர் நடித்தார். கதையைச் சுமப்பவர் அவரே. பெயரோ ஜீன் டயர்னிக்கும் ஜான் லண்டுக்கும் கீழேதான் வந்தது. மேடை இதைவிட நியாயமாக நடந்துகொண்டது. ‘நியூ கேர்ள் இன் டவுன்’ இசை நாடகத்துக்காக 1958-இல் சிறந்த நடிகைக்கான டோனி விருதை அதில் உடன் நடித்த குவென் வெர்டனுடன் பகிர்ந்துகொண்டார்.

கேள்வி: ஹிட்ச்காக் படத்தில் நடித்திருக்கிறாரா?

பதில்: ஆம், ‘ரியர் விண்டோ’வில் (1954) செவிலி ஸ்டெல்லா அவரே.

கேள்வி: அவரது நடிப்பின் உச்சம் என்று எதைச் சொல்வீர்கள்?

பதில்: தயக்கமின்றி, சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய ‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ (1953). கழுத்துப்பட்டை (டை) விற்றுக்கொண்டே, காவல்துறைக்குத் துப்பும் விற்றுப் பிழைக்கும் முதியவள் மோ, அநாதைப் பிணமாகப் புதைக்கப்படக் கூடாது என்பதற்காக, தனக்கென ஒரு கல்லறை இடம் வாங்கக் காசு சேர்க்கிறாள். பிக்பாக்கெட் திருடன் ஸ்கிப்பின் முகவரி கேட்டு அவளைத் தேடி வரும் கம்யூனிஸ்ட் உளவாளி துப்பாக்கியுடன் நிற்கும்போது, கட்டிலில் சாய்ந்தபடி, களைப்பைத் தவிர வேறெதையும் காட்டாத குரலில் பேசி, தெரிந்த அந்த முகவரியைத் தர மறுக்கிறார் ரிட்டர். கேமரா சுழலும் இசைத்தட்டின் பக்கம் நகர, துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. காசுக்காக யாரையும் காட்டிக்கொடுப்பவள் அந்த உளவாளியிடம் மட்டும் காட்டிக்கொடுக்க மறுப்பதை, கண்ணீரோ உரத்த வசனமோ இன்றி நம்பவைத்தது அவருடைய தேர்ச்சி. அவர் ஒரேயொரு படத்துக்கு ஆஸ்கர் பெற்றிருக்க வேண்டுமென்றால், அது இதற்காகத்தான் இருந்திருக்க வேண்டும்.