ஓகரும் எட்டு காப்ளின்களும்

வணக்கம் அண்ணா,

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர மேசை விளையாட்டில் எங்கள் குழுவுக்கு நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவன். நான்கு பேர், எல்லாருமே மூன்றாம் லெவல். போன வாரம் ஓர் ஓகரை, அதாவது ஒரு பெரிய அரக்கனை, இறக்கினேன். இரண்டே ரவுண்டில் கதையை முடித்துவிட்டார்கள். இந்த வாரம் எட்டு காப்ளின்கள், அதாவது குட்டிப் பூதங்கள். எங்கள் ஆட்களில் மூன்று பேர் விழுந்துவிட்டார்கள். எதிரியின் பலத்துக்கு விதிப்புத்தகம் தரும் அனுபவப் புள்ளியில் ஓகருக்கு 450, எட்டு காப்ளின்களுக்கும் சேர்த்தே 400தான். கணக்கு எங்கே இடறுகிறது? நடுவில் எதிரிகளின் ஹிட் பாயிண்ட்டை (உயிர்ப் புள்ளியை) ரகசியமாகக் குறைக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

சண்டையைத் தீர்மானிப்பது, எந்தப் பக்கத்துக்கு எத்தனை அடி கிடைக்கிறது என்பதுதான். ஓகருக்கு ரவுண்டுக்கு ஒரே அடி. பட்டால் சராசரி 13 ஹிட் பாயிண்ட் போகும். ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) 16 உள்ளவர்மேல் பாதிக்குச் சற்று அதிகமாகப் படும். ஆக, ரவுண்டுக்கு ஏழு போல. காப்ளின் பட்டால் ஐந்தரைதான், பாதிக்கும் குறைவாகவே படும். ஆனால் எட்டும் அடித்தால் ரவுண்டுக்கு 20 போய்விடுகிறது.

டன்ஜன் மாஸ்டருக்கான விதிப்புத்தகமான 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, ஏழு முதல் பத்து எதிரிகள் வந்தால் மொத்தத்தை இரண்டரையால் பெருக்கச் சொன்னது இதற்காகத்தான். உங்கள் 400, 1000 ஆகிறது. உங்கள் குழுவுக்கு 900 வந்தாலே 'கடினம்'. 2024 பதிப்பில் இந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். கீழ் லெவல்களில் நான் இன்னும் பெருக்கித்தான் பார்க்கிறேன். ஐந்தாம் லெவலில் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் வந்தபிறகு நிலைமை தலைகீழ்: நெருங்கி நிற்கும் காப்ளின் கூட்டம் அநேகமாக ஒரே வீச்சில் போய்விடும்.

ஓகரைத் தனியாக இறக்காதீர்கள். கூடவே இரண்டு காப்ளின்கள் வில்லோடு மேட்டில் நிற்கட்டும்.

ரகசியமாகக் குறைப்பது வேண்டவே வேண்டாம். ஒருவர் தன் கடைசி மந்திரத்தை யோசித்து யோசித்துச் செலவழிக்கிறார். முடிவை நீங்கள்தான் எழுதுகிறீர்கள் என்று தெரிந்தால், அதன்பின் எந்தப் பகடைக்கும் அவருக்கு நெஞ்சு படபடக்காது.

அதைவிட, காப்ளின்கள் கடைசி ஆள்வரை ஏன் சாக வேண்டும் என்று கேளுங்கள். இதே விளையாட்டின் 1981 பேசிக் பதிப்பில் எதிரிகளின் மனத்திடத்தைச் சோதிக்கும் மொரால் விதி உண்டு. முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழுந்தபிறகும் இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அந்த எதிரியின் மொரால் எண்ணைத் தாண்டினால் அவை ஓடும், இல்லை சரணடையும். அதை உங்கள் மேசையில் வெளிப்படையாக அறிவித்துவிட்டு அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் ஆட்டக்காரர்களுக்கும் ஓட வழி இருக்க வேண்டும். குகைக்குள் நுழையும் முன்பே எத்தனை காலடித் தடங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை அதே எட்டை நான்கு நான்காக, இரண்டு ரவுண்டு இடைவெளியில் இறக்கிப் பாருங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.