பிளம்பராக வேலை பார்த்த பிரபலங்கள் யாராவது உண்டா?

எல்லோரும் முதலில் சொல்வது வீடியோ கேம் நாயகன் மரியோவைத்தான். ஆனால் 1981-இல் 'டாங்கி காங்' விளையாட்டில் அறிமுகமானபோது அவர் தச்சர். 1983-இல் வந்த 'மரியோ பிரதர்ஸ்' தரைக்கடியில், குழாய்களுக்கு நடுவே நடந்ததால் பிளம்பர் ஆக்கிவிட்டார்கள். தம்பி லூயிஜிக்கும் அதே தொழில்.

சரி, நிஜ ஆள் வேண்டுமென்றால், எனக்குப் பிடித்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ். நியூயார்க்கில் பிளம்பர் வேலையும் பார்த்தார், டாக்ஸியும் ஓட்டினார். ஒருமுறை ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் 'டைம்' இதழின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ். ஆளை அடையாளம் கண்டு திகைத்துப்போய், நீங்கள் கலைஞராயிற்றே என்றாராம். சில நேரம் பிளம்பரும்தான், வேலையை முடிக்க விடுங்கள் என்று சொல்லிவிட்டார் கிளாஸ். 1976-இல் அவருடைய ஓப்பரா (இசை நாடகம்) நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஏறியது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் டாக்ஸிதான் சோறு போட்டது.